ஒப்பற்ற சொல்: இஃஜாஸ் கொள்கையும் யாழ்ப்பாணத்து அருட்பா விவாதமும்

ஒரு நூல் மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்ட மூலத்திலிருந்து வந்தது என்பதை அந்நூலின் சொல்லமைதியைக் கொண்டே நிறுவுதல் இயலுமா என்னும் வினா சமயவாதிகளுக்கு மட்டும் உரியதன்று. இலக்கியத் திறனாய்வு தன் எல்லையை அறிந்துகொள்ளுமிடமும் அதுவே. யாழ்ப்பாணத்தில் 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்வினாவுக்கு மூன்று விடைகள் அருகருகே நின்றன. 1850 இல், பேர்சிவல் பாதிரியாரின் மேற்பார்வையில் ஆறுமுக நாவலரின் துணையோடு உருவான விவிலியத் தமிழாக்கம் அச்சேறியது. இறைவாக்கு எம்மொழியிற் பெயர்க்கப்படினும் இறைவாக்காகவே நிற்கும் என்பது அம்முயற்சியின் அடிப்படை. 1869 இல் நாவலர் தரப்பிலிருந்து 'போலியருட்பா மறுப்பு' வெளிவந்தது. அருளாற் பாடப்பட்ட பாட்டையும் அவ்வாறு பாடப்படாத பாட்டையும் பிரித்துக்காட்டும் அளவுகோல் உண்டு என்பது அதன் துணிபு. இவை நிகழ்ந்த அதே காலத்தில், யாழ்ப்பாண நகரின் சோனகத் தெருப் பகுதியிலே, வீட்டிலும் வீதியிலும் தமிழே பேசிய மக்கள் தம் மறையை மட்டும் தமிழிற் பெயர்க்காது அறபிலேயே ஓதி வந்தனர்.

மூன்றாவது நிலைப்பாட்டின் பின்னால் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஆழமான விவாதம் ஒன்று உண்டு. அறபியர் அதனை 'இஃஜாஸ்' என்னும் சொல்லாற் குறிப்பர். எதிர்நிற்போனை இயலாதவனாக்குதல் என்பது அதன் நேர்ப்பொருள். குர்ஆனைப் போன்றதொன்றை இயற்ற மனிதரால் இயலாது என்னும் கொள்கைக்கு அதுவே பெயராயிற்று. தமிழ்த் திறனாய்வு கிரேக்க வீரயுகப் பாடலைத் தேடிச் சென்றுள்ளது. வடமொழியின் தொனிக் கொள்கையையும் ஆங்கிலப் புதுத் திறனாய்வையும் அறிந்துள்ளது. அயல்தெருவில் நாளும் ஓதப்பட்ட நூலைச் சுற்றி வளர்ந்த திறனாய்வை அது பெரும்பாலும் எட்டிப்பார்க்கவில்லை. சமயக் கொள்கை என்று ஒதுக்கப்பட்டமையே காரணமாகலாம். ஆயின் அச்சமயக் கொள்கையின் வயிற்றிற் பிறந்ததே, சொல்லொழுங்கு எவ்வாறு பொருளாகிறது என்பதைப் பற்றி இடைக்கால உலகம் கண்ட மிக நுண்ணிய ஆராய்ச்சிகளுள் ஒன்றாகும்.

விவாதத்தின் தொடக்கம் குர்ஆனிலேயே உள்ளது. இது மனிதர் புனைந்தது என ஐயுறுவோர் இதனையொத்த பத்து அத்தியாயங்களையோ, ஓர் அத்தியாயத்தையோ கொண்டுவரட்டும் என்னும் அறைகூவல் அதன்கண் பல இடங்களில் வருகிறது. இரண்டாம், பத்தாம், பதினோராம், பதினேழாம், ஐம்பத்திரண்டாம் அத்தியாயங்களில் அதனைக் காணலாம். அறைகூவல் யாரை நோக்கியது என்பது கவனிக்கத்தக்கது. கவிதையே தலைசிறந்த கலையாகவும், கவிஞனே குலத்தின் வாயாகவும் விளங்கிய சமுதாயத்தை நோக்கியது அது. மோசேயின் காலத்தில் மாயவித்தை ஓங்கியிருந்தமையால் அவருக்கு அதனை வெல்லும் அற்புதமும், இயேசுவின் காலத்தில் மருத்துவம் ஓங்கியிருந்தமையால் அவருக்கு நோய் நீக்கும் அற்புதமும், அறபியரிடையே சொல்வன்மை ஓங்கியிருந்தமையால் நபிகள் நாயகத்துக்குச் சொல்லே அற்புதமும் அளிக்கப்பட்டன என 9 ஆம் நூற்றாண்டின் பெரும் உரைநடையாசிரியரான ஜாஹிழ் விளக்கினார். அற்புதம் கடலிலோ பிணியாளர் உடலிலோ நிகழவில்லை, வாக்கியத்தில் நிகழ்ந்தது. ஆகவே அதற்குச் சாட்சி சொல்ல வேண்டியவன் கண்ணாற் கண்டவனல்லன், மொழி அறிந்தவன். இவ்வொரு கருத்தே திறனாய்வாளனைச் சமயவாதத்தின் நடுக்கூடத்துக்கு அழைத்து வந்தது.

அழைத்து வந்தவனை உடனே வெளியேற்றிய கொள்கையும் ஒன்று இருந்தது. முஃதஸிலாக்கள் எனப்பட்ட அறிவுவாதப் பிரிவைச் சேர்ந்த நழ்ழாம் என்பார், ஜாஹிழின் ஆசிரியர், குர்ஆனின் சொல்லமைதி அறபியரின் ஆற்றலுக்கு இயல்பாக எட்டாதது அன்று. எதிர்நூல் செய்ய முற்பட்டோரின் ஆற்றலையும் விருப்பையும் இறைவனே திருப்பிவிட்டான். அதுவே அற்புதம் என்றார். 'ஸர்பா', அதாவது திருப்பிவிடல், என்பது இதன் பெயர். இக்கொள்கை எளிதிற் சாகவில்லை. ஷீஆ அறிஞர் ஷரீப் அல்-முர்தழா, அந்தலூசியாவின் இப்னு ஹஸ்ம் போன்றோர் 11 ஆம் நூற்றாண்டிலும் இதனை வெவ்வேறு வடிவிற் போற்றினர். தருக்கத்தில் இது வலிமையுடையதுபோலத் தோன்றும். நூலின் நயத்தைப் பற்றி வாதிடவே தேவையில்லையல்லவா? ஆனால் அதுவே அதன் குறையும். திருப்பிவிடலே அற்புதமாயின் நூல் சிறந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. எளிய நூலொன்றுக்கே எதிர்நூல் செய்ய முடியாமற் போயிருப்பின் அற்புதம் இன்னும் பெரிதாயிருக்குமே என மறுத்தனர் பின்வந்தோர். அறபியர் தம் ஆற்றல் திடீரெனக் குறைந்ததை உணர்ந்திருந்தால், நேற்றுவரை இயன்றது இன்று இயலாமற் போயிற்று என வியந்திருப்பர். அவர்கள் வியந்ததோ நூலைக் கேட்டு என்பது ஜுர்ஜானியின் மறுப்பு. இம்மறுப்பு முழுவதும் ஏற்கத்தக்கது.

10 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இஃஜாஸ் பற்றித் தனிநூல்கள் எழுந்தன. ரும்மானி (இறப்பு 994) ஏழு காரணங்களைக் கூறினார். ஸர்பாவும் அவற்றுள் ஒன்று; எனினும் அவர் நூலின் பெரும்பகுதி சுருங்கச் சொல்லல், உவமை, உருவகம் முதலிய பத்து அணிநலன்களைப் பற்றியது. கத்தாபி (இறப்பு 998) சொல், பொருள், இவ்விரண்டையும் பிணிக்கும் அமைப்பு என மூன்று கூறினார். ஏறத்தாழ ஒரே பொருள் தரும் சொற்களுள் ஒன்று நின்ற இடத்தில் மற்றொன்றை நிறுத்தினால் யாது கெடும் எனக் காட்டினார். கேட்போர் உள்ளத்தில் நூல் விளைக்கும் அச்சமும் ஆறுதலும் ஒரு சான்றே என்று அவர் கூறுவது தமிழ் மாணவனுக்கு உருத்திரசன்மனை நினைவூட்டும். இறையனார் களவியலுக்கு எழுந்த உரைகளுள் மெய்யுரை எது எனத் துணிய, மூங்கைப் பிள்ளையொருவன் முன் உரைகள் வாசிக்கப்பட்டன என்றும், நக்கீரர் உரை கேட்டபோது அவன் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்த்தான் என்றும் அந்நூலின் உரை கூறும். பேசமாட்டாத குழந்தையின் உடலே அங்கு நடுவராயிற்று. ஆயினும் கண்ணீர் நயத்துக்குச் சான்றாமேயன்றி நயத்தின் விளக்கமாகாது. கத்தாபியும் அவ்விடத்தில் நின்றுவிடுகிறார்.

பாகில்லானி (இறப்பு 1013) இத்துறையில் மிகவும் புகழ்பெற்றவர். அணிநலன்களைக் கொண்டு இஃஜாஸை நிறுவ முடியாது, அவை பயிற்சியாற் கைவருவன, பயின்றால் எவரும் செய்யலாம் என்று அவர் ரும்மானியின் வழியை மறுத்தது கூரிய சிந்தனை. ஆனால் அடுத்து அவர் செய்தது அத்துணை மெச்சத்தக்கதன்று. அறபுக் கவிதையின் முடிமணியாகப் போற்றப்பட்ட இம்ருஉல் கைஸின் நெடும்பாடலை எடுத்துக்கொண்டு வரிக்கு வரி குற்றங்கண்டார். பிரிந்த காதலியின் குடியிருப்பு இருந்த இடத்தில் நின்று அழும் கவிஞன் ஊர்ப்பெயர்களை அடுக்குகிறான். ஓரிடம் போதாதா, ஏனையவை வெற்றெனத் தொடுத்தல் என்பது ஒரு குற்றச்சாட்டு. சுவடு அழியவில்லை என ஓரிடத்தும் அழிந்த சுவடு எனப் பிறிதோரிடத்தும் வருவது முரண் என்பது இன்னொன்று. இவ்வாறு நோக்கினால், குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களைக் கூறிய கபிலர் முதற் குற்றவாளியாவார். பாலை நிலத்துக் கவிஞனுக்கு இடப்பெயர்கள் நினைவு நடந்து செல்லும் படிகள். அழியாத சுவடும் அழிந்த சுவடும் துயரின் இரு கணங்கள். பாகில்லானி இவற்றை அறியாதவரல்லர். ஒரு நூலின் பெருமையைப் பிறிதொரு நூலின் சிறுமையால் நிறுவ முற்பட்டமையே அவருடைய வாசிப்பைக் கெடுத்தது. இம்ருஉல் கைஸின் பாடலில் நூறு குற்றம் காட்டினும், அப்பாடலினும் சிறந்தது உண்டு என்பதே பெறப்படும். அச்சிறந்தது மனிதரால் இயலாதது என்பது பெறப்படாது.

இத்தடையை உணர்ந்து வேறுவழி சென்றவர் அப்துல் காஹிர் அல்-ஜுர்ஜானி (இறப்பு 1078 அளவில்). காஸ்பியன் கடலையடுத்த ஜுர்ஜான் நகரத்தவர், பாரசீக மரபினர், இலக்கணத்தைத் தொழிலாகக் கொண்டவர். அறபு மொழியின் ஒப்பற்ற நூலை மிக நுட்பமாக விளக்கியவர் அம்மொழியைத் தாய்வழி பெற்றவரல்லர், இலக்கணத்தின் வழி அடைந்தவர் என்பது சிந்தனைக்குரியது. குர்ஆனின் நயத்தை உணர்தல் அறபுக் குருதியின் தனியுரிமை என்னும் எண்ணத்துக்கு அவர் வாழ்வே மறுப்பு. 'தலாயிலுல் இஃஜாஸ்' என்னும் அவர் நூலின் மையக் கருத்தை ஒரு வரியிற் கூறிவிடலாம்: நயம் தனிச்சொல்லிலும் இல்லை, சொல்லுக்கப்பால் மிதக்கும் பொருளிலும் இல்லை, சொற்கள் ஒன்றோடொன்று கொள்ளும் இலக்கண உறவுகளிலே உண்டு. இவ்வுறவையே 'நழ்ம்', மணிகளை நூலிற் கோத்தல், என்றார். காழி அப்துல் ஜப்பார் முன்னரே இதனைத் தொட்டிருந்தார். ஆயின் சான்றுகளைக் கொண்டு நூறு பக்கங்களில் நடத்திக் காட்டியவர் ஜுர்ஜானியே.

அவர் காட்டும் எடுத்துக்காட்டுகளுட் சில தமிழில் வியக்கத்தக்க வகையிற் பொருந்துகின்றன. அறபில் வினா இடைச்சொல்லின் பின் வினைச்சொல் வந்தால் ஐயம் செயலைப் பற்றியது. பெயர் வந்தால் ஐயம் செய்தவனைப் பற்றியது. செயல் நிகழ்ந்தது முன்னரே தெரியும் என்கிறார். தமிழில் 'நீ செய்தாயா?', 'நீயா செய்தாய்?' என்னும் இரண்டையும் நோக்குக. ஆகார வினா இடம் மாறியதும் கேட்போன் மனத்தில் உள்ளது முழுவதும் மாறிவிடுகிறது. சிலைகளை உடைத்த இப்றாஹீமை அவர் குலத்தார் வினவும் இடத்தில் குர்ஆன் இரண்டாம் வகையையே ஆள்கிறது. சிலைகள் உடைந்து கிடப்பது அவர்கள் கண்முன் இருக்கிறது, வேண்டியது ஆள். அதற்கு அவர் தரும் விடையும் ஆளைச் சுட்டுவதாகவே அமைந்தமை அவ்வினாவின் வடிவத்தை உறுதிப்படுத்துகிறது.

இன்னொன்று, முதுமையுற்ற ஸக்கரிய்யா நபி தம் நரையைக் கூறும் இடம். நரை தீப்போற் பற்றியது என்னும் உருவகத்தை எல்லோரும் புகழ்ந்தனர். உருவகம் மட்டுமன்று காரணம் என்றார் ஜுர்ஜானி. பற்றுதல் என்னும் வினைக்கு எழுவாய் நரையன்று, தலை. நரை என்பது பின்னர் விளக்கமாகவே ஒட்டப்படுகிறது. வீட்டில் தீப்பற்றிற்று என்பதற்கும் வீடு தீப்பற்றிற்று என்பதற்கும் உள்ள வேறுபாடே இது. முன்னதில் தீ ஒரு மூலையில் இருக்கலாம்; பின்னதில் வீடு முழுவதும் தீ. நரையும் அவ்வாறே தலை முழுவதையும் கொண்டுவிட்டது; கருமயிர் எஞ்சவில்லை. உருவகத்தை மாற்றாது எழுவாயை மட்டும் மாற்றிப் பார்க்கும்படி அவர் மாணவனைப் பணிக்கிறார். நயம் கலைந்துவிடும். அணியிலக்கணம் இதனைப் பிடிக்கமாட்டாது; சொல்லிலக்கணமே பிடிக்கும். சேனாவரையரைக் கற்ற தமிழ் மாணவனுக்கு இம்முறை அந்நியமாகத் தோன்றாது.

அவர் ஆராய்ச்சியின் சிகரம் நூஹு நபியின் பெருவெள்ளம் வடியும் வசனம் (அத்தியாயம் 11, வசனம் 44). நிலத்தை விளித்து அதன் நீரை விழுங்கும்படியும், வானத்தை விளித்து ஓயும்படியும் கட்டளை பிறக்கிறது, நீர் வடிகிறது, காரியம் முடிகிறது, மரக்கலம் ஜூதி மலையில் நிலைகொள்கிறது. இதிலிருந்து ஒரு சொல்லைப் பிரித்தெடுத்துத் தனியே வைத்துப் பாருங்கள், அது அங்கிருந்த அழகைத் தருமா எனக் கேட்கிறார் ஜுர்ஜானி. தராது. நிலம் முதலில் விளிக்கப்பட்டுப் பின்னர் ஏவப்படுகிறது. நீர் வெறும் நீராகாது நிலத்தின் நீராகக் கூறப்படுகிறது. வானத்துக்கு அதற்குரிய ஏவல் தனியே வருகிறது. நீர் வடிந்ததோ செயப்பாட்டு வினையால். செய்தவன் பெயர் இல்லை. ஆயினும் ஆணையின்றி அது வடியவில்லை என்பது வினைவடிவத்திலேயே தெரிகிறது. மரக்கலத்தின் பெயரும் இல்லை. நிலைகொண்டது என்ற வினையே அதனைச் சுமக்கிறது. தொடக்கத்தில் 'சொல்லப்பட்டது' என நின்ற வினை முடிவிலும் வந்து வளையத்தை மூடுகிறது. அண்டத்தையே ஏவியவன் ஓரிடத்தும் பெயராற் சுட்டப்படவில்லை. அவன் பேராற்றலை அப்பெயரின்மையே கூறுகிறது.

இத்தகைய வாசிப்புக்கு முன் பாகில்லானியின் குற்றப்பட்டியல் வெளிறிப்போகிறது. ஆனால் இங்கேதான் கடுமையான வினாவும் எழுகிறது. நயம் இலக்கண உறவுகளின் தனித்த கோவையிற் பிறப்பதாயின், எந்தச் சிறந்த பாட்டும் அவ்வகையில் ஒப்பற்றதே. அதன் கோவையை மாற்றினால் அது வேறு பாட்டாகிவிடும். ஜுர்ஜானி தம் கொள்கைக்கு மேற்கோளாகக் குர்ஆன் வசனங்களோடு புஹ்துரி முதலிய மனிதக் கவிஞரின் பாடல்களையும் தாராளமாக எடுத்தாள்கிறார். அவற்றிலும் அதே நழ்ம் வேலைசெய்யக் காண்கிறார். அளவில் வேறுபாடு உண்டு எனலாம். அளவில் மிக்கது எப்புள்ளியில் இயலாததாக மாறுகிறது? அதற்கு அவருடைய இலக்கணத்தில் விடையில்லை. அறபியர் அறைகூவப்பட்டனர், எதிர்நிற்கவில்லை, வாட்போரையே தேர்ந்தனர் என்னும் வரலாற்றுச் சான்றுக்கே அவர் ஈற்றில் திரும்ப வேண்டியுள்ளது. சுவையுணர்வு இல்லாதவனுக்கு இதனை உணர்த்த வழியில்லை என்றும் அவர் ஒப்புக்கொள்கிறார். அது நேர்மையான கூற்று. ஆயின் உணர்ந்தவனுக்கே உணர்த்தலாம் என்பது நிறுவலாகாது. ஆகவே இஃஜாஸ் ஆராய்ச்சி ஈட்டியது அது தேடிப்போனதை அன்று. ஒரு நூலின் தெய்விகத்தை நிறுவப் புறப்பட்டு, வாக்கியத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்பதைக் கண்டது. அதனாற் கொள்கை பொய்த்தது என்று கூறுவதற்குத் திறனாய்வுக்கு உரிமையில்லை. மெய்த்தது என்று கூறுவதற்கும் இல்லை.

பிற்காலத்தார் சிலர் இவ்வெல்லையைத் தெளிவாக உணர்ந்தனர். எகிப்தில் அமீன் அல்-கூலி, குர்ஆனை முதலில் அறபின் தலைசிறந்த இலக்கியமாகக் கற்க வேண்டும், நம்பிக்கை பற்றிய ஆய்வு அதன் பின்னரே என்றார். அவர் மாணவர் முஹம்மத் அஹ்மத் கலபுல்லாஹ் குர்ஆனிய கதைகளின் கலையைப் பற்றி 1947 இல் அளித்த ஆய்வேட்டைக் கெய்ரோவின் பல்கலைக்கழகம் ஏற்க மறுத்தது. அதே மரபில் வந்த ஆயிஷா அப்துர் ரஹ்மான், பின்துஷ் ஷாதி எனப்பட்டவர் (1913-1998), குர்ஆனில் இருசொல் ஒருபொருள் என்பதே இல்லையெனச் சொல்சொல்லாக ஆராய்ந்தார். நவீன விஞ்ஞானக் கண்டுபிடிப்புகளைக் குர்ஆனிற் காட்டும் 'விஞ்ஞான இஃஜாஸ்' இதற்கு நேர்மாறானது. மொழியைக் கைவிட்டு மொழிக்கு வெளியே சான்று தேடுவதால், அது அறியாமலே நழ்ழாமின் பக்கம் போய்ச் சேர்கிறது. கூலியும் அம்முறையை ஏற்கவில்லை.

இனி யாழ்ப்பாணத்துக்குத் திரும்பலாம். தமிழ் மரபு தெய்வத்தின் சொல்லை எவ்வாறு சோதித்தது? இரண்டு விதமாக. ஒன்று, நீரும் நெருப்பும் நடுவராகும் சோதனை. திருஞானசம்பந்தரின் ஏடு மதுரையில் நெருப்பில் எரியாதிருந்தது, வையையில் எதிரேறியது எனப் பெரியபுராணம் கூறும். சமணரும் தம் ஏட்டை இட்டனர். ஆகவே அது இரு நூல்களின் போட்டியே. ஆயின் தொடையைப் பற்றியோ நடையைப் பற்றியோ அங்குப் பேச்சில்லை. மற்றது இதற்கு முற்றிலும் மாறானது. தருமிக்காக இறையனார் இயற்றிய பாடலைச் சங்கத்தில் நக்கீரர் பொருட்குற்றமுடையதெனத் தள்ளினார். பாடியவன் சிவன் என அறிந்தபின்னும் கொள்கையை மாற்றவில்லை என்பது திருவிளையாடற் கதை. இஃஜாஸ் மரபில் இத்தகைய கதைக்கு இடமேயில்லை. குற்றங்கூறிய புலவன் நெற்றிக்கண்ணால் வெந்தான் என்பதும் அக்கதையின் பகுதிதான். ஆயினும் தெய்வத்தின் கவிதையும் அவைக்களம் ஏற வேண்டும் என்னும் துணிவு தமிழ்க் கற்பனைக்கு இருந்தது.

1867 இல் தொழுவூர் வேலாயுத முதலியார் இராமலிங்க அடிகளின் பாடல்களைத் 'திருவருட்பா' எனப் பெயரிட்டுத் திருமுறைகளாக வகுத்து வெளியிட்டபோது, நக்கீரரின் துணிவுடையவர் ஒருவர் யாழ்ப்பாணத்தில் இருந்தார். இலக்கணத்திலும் பதிப்புக் கலையிலும் நாவலருக்கு நிகரானவர் அக்காலத்தில் அரியர். விவிலியத் தமிழாக்கத்தில் ஒவ்வொரு வாக்கியத்தின் எழுவாயையும் பயனிலையையும் நிறுத்துப் பார்த்துப் பழகியவர். அருட்பா எது என்னும் வினாவை நழ்மின் வினாவாக எழுப்ப அவரினும் தகுதியுடையவர் இல்லை. ஆனால் விவாதம் அவ்வழிச் செல்லவில்லை. தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்னும் ஐந்துமே அருட்பா. அவற்றைப் பாடியோர் அருள் பெற்றமைக்கு அவர்கள் நிகழ்த்திய அற்புதங்கள் சான்று. இராமலிங்கருக்கு அச்சான்று இல்லை என்ற வகையில் வாதம் நடந்தது. பாட்டைப் பாடியவரின் வாழ்வு அளந்தது. பாட்டின் சொல்லமைதி நடுவிடத்துக்கு வரவில்லை. எதிர்த்தரப்பும் பெரும்பாலும் அதே களத்தில் நின்றே விடையிறுத்தது. விவகாரம் மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை சென்றமை யாவரும் அறிந்ததே. இலக்கிய வினாவுக்கு நீதவான் விடை கூற இயலாது என்பதைக் கூற இரண்டு தரப்பிலும் எவரும் முன்வரவில்லை.

நாவலருக்குப் பின்னர் புலோலி நா. கதிரைவேற்பிள்ளை அவர் கட்சியை ஏந்தினார். அருட்பாவின் பக்கம் நின்று வாதிட்டவர்களுட் கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர் (1874-1950) குறிப்பிடத்தக்கவர். சைவர் இருவகையினரின் வழக்கில் ஒரு முஸ்லிம் புலவர் பாடலின் பக்கம் நின்றார். தமிழிலக்கிய வரலாறு இதனைச் சமய நல்லிணக்கத்தின் அடையாளமாகப் போற்றுகிறது. அது சரியே, போதாது. நூலின் சொல்லையே சான்றாகக் கொள்ளும் மரபிற் பிறந்தவர்க்கும், நூலோரின் வாழ்வைச் சான்றாகக் கொண்ட மரபினர்க்கும் இடையே இலக்கியக் கொள்கை பற்றிய உரையாடல் ஒன்று அங்கே தொடங்கியிருக்கலாம். மேடைகளின் ஆரவாரத்தில் அது தொடங்கவில்லை.

மொழிபெயர்ப்புப் பற்றிய வினாவிலும் இதே வாய்ப்பு உண்டு. இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ நெறி, தொழுகையில் குர்ஆனை அறபிலன்றி ஓதுதலை ஏற்பதில்லை. இஃஜாஸ் கொள்கையோடு அது இயைந்தது. ஒப்பற்ற கோவை குலைந்தபின் எஞ்சுவது பொருளே, நூலன்று. பிக்தால் தம் ஆங்கிலப் பெயர்ப்புக்கு 1930 இல் குர்ஆனின் 'பொருள்' எனப் பெயரிட்டது இக்கருத்தினால்தான். தமிழ்நாட்டில் ஆ. கா. அப்துல் ஹமீது பாக்கவி தமிழாக்கத்தை மேற்கொண்டபோதும் இத்தயக்கம் சூழ இருந்தது. ஆனால் ஜுர்ஜானியை ஊன்றிப் படித்தால் தயக்கம் ஓரளவு தளரும். நயம் ஓசையில் மட்டும் இருந்தால் பெயர்க்க வழியேயில்லை. இலக்கண உறவில் இருந்தால், அவ்வுறவுக்கு ஒப்பான உறவு தமிழில் உள்ளவிடத்தில் அது கடந்து வரும். 'நீயா செய்தாய்?' கடந்து வந்துவிட்டது. தலை தீப்பற்றியதும் வந்துவிட்டது. எது வரவில்லை என்பதைச் சொல்லும்போதுதான் ஒப்பின்மை என்பது வெறும் புகழ்ச்சியாகாது ஆராய்ச்சியாகிறது.

அதற்கு இருமொழியும் அறிந்தவர் வேண்டும். வண்ணார்பண்ணையிற் பிறந்து, வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் கற்ற அ. மு. அ. அஸீஸ் (1911-1973) அறபுத் தமிழைப் பற்றியும் இலங்கை இஸ்லாத்தைப் பற்றியும் எழுதியபோது அத்தகைய மரபொன்றின் தொடக்கம் தெரிந்தது. அவர் மறைந்தபின் 1980 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அவருக்குக் கலாநிதிப் பட்டமளித்துச் சிறப்பித்தது. பத்தாண்டு கழித்து, 1990 ஒக்டோபர் 30 இல், விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைச் சில மணிநேரத்துள் ஊரைவிட்டு வெளியேற்றினர். சோனகத் தெருவில் ஓதுவாரின்றிப் பள்ளிவாசல்கள் கிடந்தன. பின்னர் மீண்டவர் ஒரு பகுதியினரே. அயலவரின் நூலை அறியாதிருத்தல் எளிதாயிருந்ததற்கும் அயலவரை அனுப்பிவிடுதல் எளிதாயிற்று என்பதற்கும் நேர்த்தொடர்பு காட்டுதல் மிகையாகும். எனினும் இருமொழிப் புலமை வளர்வதற்குரிய மண் அந்நாளிற் பறிபோயிற்று என்பது மிகையன்று.

எஞ்சியுள்ள வேலை சிறிதாகத் தோன்றும். பெருவெள்ளம் வடிந்த வசனத்தையே எடுத்துக்கொள்வோர், நீர் வடிந்தது என்னும் அச்செயப்பாட்டு வினையிலேயே தடுமாறுவர். 'வற்றியது' எனத் தன்வினையாற் கூறினால் தமிழ் இயல்பாக ஒலிக்கும், ஆணையிட்டவன் மறைந்துபோவான். 'வற்றச் செய்யப்பட்டது' என்றால் அவன் நிழல் தெரியும். ஆயின் கட்டளை பிறந்த கணமே நீர் ஒடுங்கிய விரைவு அந்நீண்ட வினையில் இழுபடும். 'வற்றுவித்தான்' எனின் பெயரின்றி நின்றவனைப் பெயர்த்தெடுத்து எழுவாயாக்கியதாகும். செயப்பாட்டு வினையை அருகியே ஆளும் தமிழுக்கு இங்கே நான்காவது வழியொன்று உண்டா என்பதைத் தொல்காப்பியச் சொல்லதிகாரமும் 'தலாயிலுல் இஃஜாஸ்' நூலும் ஒரே மேசையில் விரிக்கப்படும்போதே பார்க்கலாம்.